மட்டக்களப்பில வயசானவங்களப் பார்க்க வீட்டோட ஆள் எடுக்கிற சேர்விஸ், எங்கட அனுபவம்

வெளிநாட்டில இருந்துகொண்டு ஊரில இருக்கிற அம்மாவ, அம்மம்மாவ நினைச்சுத் தவிக்கிற ஆக்களுக்காகத்தான் இத எழுதுறன். எங்கட அம்மம்மா ஆரையம்பதியில பெரிய வீட்டில தனிய இருக்கிறா, போடியார் குடும்பம், அதாவது பெரிய வயல்காரர், ஒரு காலத்தில வாவிக்கு அங்கால படுவான்கரையில வயல், அத பார்த்து நடத்துற முல்லைக்காரர், எருமை, வண்டில் எண்டு எல்லாம் இருந்த வீடு. மட்டக்களப்பில வீடு பொம்புளப் புள்ளைக்குத்தானே சீதனமாப் போறது, தாயையும் அவதான் பார்ப்பா, அந்த மகள்மாரே கனடாவுக்கும் லண்டனுக்கும் போனா மறுகா ஆர் பார்க்கிற? அம்மம்மா விழுந்து இடுப்பெலும்பு முறிஞ்சு ஒப்பரேஷன் முடிஞ்சு வந்த பிறகு டவுனில ஒரு ஏஜென்சி மூலமா ஆள் எடுத்தம்.

வந்த அக்கா படுவான்கரையில கொக்கட்டிச்சோலைப் பக்கம். அவட தாய் எங்கட வயலில கூலிக்கு நிண்ட ஆள் எண்டது கொஞ்சம் பிந்தித்தான் தெரிய வந்திச்சு. அம்மம்மா பழைய ஆள், வேலைக்கு வாற ஆக்களுக்குத் தேத்தண்ணி தனிப் பேணியில, இருக்கிறது பின் விறாந்தையில. அக்காவுக்கும் அப்பிடித்தான் குடுத்தா. எங்களுக்கு வெக்கமா இருந்திச்சு, அக்கா ஒண்டும் சொல்லல, வேலையிலயும் ஒரு குறை வைக்கல. படுக்கைப்புண் வராம ரெண்டு மணித்தியாலத்துக்கு ஒருக்கா திருப்பிப் படுக்க வைக்கிறது, சுகர் பார்த்து கொப்பியில எழுதுறது, வோக்கரில நடக்க வைக்கிறது எல்லாம் நேரத்துக்கு நடந்திச்சு.

அம்மம்மாவ மாத்தினது வெத்திலைதான். அம்மம்மாக்குப் பல் இல்ல, களுதாவளை வெத்திலையையும் பாக்கையும் அக்கா சின்ன உரலில இடிச்சுக் குடுப்பா, ஆனா புகையில வைக்கமாட்டா. அம்மம்மா ஏசுவா. "ஒண்ணா போடியாரம்மா, டொக்டர் என்னத்தான் பேசுவாரு" எண்டு அக்கா இடிச்சுக்கொண்டே இருப்பா. ஒருநாள் பின்னேரம் அம்மம்மா வெத்திலை வட்டாவ அக்கா பக்கம் தள்ளி, "நீயும் போடன்கா, கீழ இராத, கதிரையில இரி" எண்டா. அந்த வீட்டில அப்பிடி ஒரு சொல்ல நான் அதுவரைக்கும் கேட்டதில்ல.

அதுக்குப் பிறகு ரெண்டு பேருக்கும் கதை முடியாது. 1978 சூறாவளியில தென்னந்தோட்டம் முழுக்கச் சரிஞ்சத அம்மம்மா எத்தனையோ தரம் எங்களுக்குச் சொல்லியிருக்கிறா. அக்கா தன்ட தாய் சொன்னதச் சொன்னா, கூரை பறந்து, விடியும் வரைக்கும் புள்ளையளக் கட்டிப்பிடிச்சுக்கொண்டு வாய்க்கால் கட்டோரம் நனைஞ்சு கிடந்தாங்களாம். அம்மம்மா கனநேரம் பேசல. பிறகு "அண்டைக்கு ஏன் எங்கட வீட்டுக்கு ஓடி வரல்ல?" எண்டு கேட்டா. "எப்பிடி வாறது அம்மா, நடுவில ஆறெல்லோ, வந்தாலும் உள்ளுக்கு எடுப்பீங்களோ எண்டு ஆருக்குத் தெரியும்" எண்டு அக்கா நேராச் சொன்னா. அம்மம்மா கோவிக்கல, அவட கையப் பிடிச்சுக்கொண்டு இருந்தா. 

கொக்கட்டிச்சோலைத் தேருக்கு ரெண்டு பேரும் ஓட்டோவில மண்முனைப் பாலத்தால போனாங்க. 2014ல பாலம் திறக்கும் வரைக்கும் அதில 'பாதை' எண்டு சொல்லுற மிதவைதான், அதில போய்த்தான் அம்மம்மா ஒரு காலத்தில வயல் பார்த்தவ. தேர் பார்த்துட்டு அக்காட வீட்டில சோறு சாப்பிட்டா, மீன் ஆணம் நல்ல உறைப்பாம், வந்து எல்லாருக்கும் கோல் எடுத்துச் சொன்னா. வேலைக்கார ஆக்கள்ட வீட்டுப் படியில கால் வைக்காத மனுசி!

இனி ஏஜென்சியைப் பற்றி. ஆள் நல்ல ஆள், ட்ரெய்னிங்கும் இருந்திச்சு, அதுக்கு முழு மார்க். ஆனா சில மாசத்துக்கு ஒருக்கா ஆள மாத்துற ரூல் ஒண்டு வச்சிருக்கிறாங்க, "பாசம் வைச்சா பிரச்சினை" எண்டு காரணம் வேற சொன்னாங்க, எனக்கு அது பிடிக்கவே இல்ல. பாசம் வைச்சதாலதான் அம்மம்மா சாப்பிடுறா, நடக்கிறா. சண்டை பிடிச்சுத்தான் அதே அக்காவ வச்சிருக்கிறம். நாங்க கட்டுற காசில அக்காட கைக்குப் போறதும் குறைவு, லீவும் ஒழுங்கா இல்ல, அத இப்ப நாங்களே குடுக்கிறம். கெயார்கிவர் என்விகியூ எண்ட தொழில் சேர்டிபிகேட் முடிச்ச புள்ளையள் இஸ்ரேலுக்குப் போறாங்க எண்டா சம்பளம்தான் காரணம், ஊரில நல்ல ஆள் நிக்கணும் எண்டா ஊரிலயும் மரியாதையாக் குடுக்கத்தான் வேணும்.

5க்கு 3 குடுக்கிறன், அந்த மூண்டும் அக்காக்குத்தான். ஆள் எடுக்கிறவங்க காசு கட்ட முதல் ஆள மாத்துவாங்களா, லீவு எத்தனை நாள், சம்பளத்தில எவ்வளவு அவட கைக்குப் போகும் எண்டு கேட்டு எழுத்தில வாங்குங்க.