ரிட்டையர் ஆன ஹைவே போலீஸ் வண்டி: கவாஸாகி கேஇசட்1000பி-யோடு பல வருட அனுபவம்

ஹைவே போலீஸ் பைக் என்றதும் எல்லோருக்கும் துரத்தல்தான் ஞாபகம் வரும். சைரன் அலற, முன்னால் ஓடும் காரை எட்டிப் பிடிக்கிற வண்டி. என் கவாஸாகியைப் பார்க்க வருகிறவர்களும் முதலில் கேட்பது "டாப் ஸ்பீடு எவ்வளவு?" என்றுதான். அதை நான் முயன்று பார்த்ததில்லை, முயல ஆசையும் இல்லை. இந்த வண்டியின் கெட்டிக்காரத்தனம் முழுக்க ஸ்பீடாமீட்டரின் அடிப்பக்கத்தில், நடக்கிற வேகத்தில் இருக்கிறது. பல வருடம் வைத்து ஓட்டிய பிறகு நான் உறுதியாகச் சொல்லக்கூடியது இதுதான்: நாள் முழுக்க நிற்கவும், ஊரவும், ஒரு லேன் அகலத்துக்குள் திரும்பவும் செய்த வண்டி இது.

தெரியாதவர்களுக்குச் சின்ன அறிமுகம். கேஇசட்1000பி 1982 முதல் 2005 வரை அமெரிக்காவில், நெப்ராஸ்கா மாநிலத்து லிங்கன் ஊரில் உள்ள கவாஸாகி ஆலையில் தயாரானது. ஆம், ஜப்பான் பெயர், அமெரிக்கப் பிறப்பு. 998 சிசி, நாலு சிலிண்டர், காற்றில் ஆறும் எஞ்சின், நாலு மிக்குனி கார்பரேட்டர், ஐந்து கியர், செயின். ஏபிஎஸ் கிடையாது. உலகம் ஃபியூயல் இன்ஜெக்‌ஷனுக்குப் போன பிறகும் இருபது வருஷத்துக்கு மேல் பெரிய மாற்றமே இல்லாமல் வந்துகொண்டிருந்தது. போலீஸ் துறைகளுக்கு அதுதான் வசதி. ஒரு தடவை பழகிய மெக்கானிக், ஒரு தடவை வாங்கி அடுக்கிய ஸ்பேர், அடுத்த பதினைந்து வருஷத்துக்கும் உதவும். கலிபோர்னியா ஹைவே பேட்ரோல் 90களின் கடைசியில் பிஎம்டபிள்யூ ஆர்1100ஆர்டி-பி பக்கம் போனதும், பழைய கவாஸாகிகள் ஒவ்வொன்றாகப் பொதுமக்கள் கைக்கு வந்தன.

என் வண்டியும் அப்படிக் கைமாறி வந்ததுதான். இதே ஹைவே பேட்ரோல் வண்டி என்று விற்றவர் சொன்னார். பெட்ரோல் டேங்க்கைச் சாய்வெயிலில் ஓரமாக நின்று பார்த்தால், மேல் பெயின்ட்டுக்கு அடியில் ஹைவே பேட்ரோலின் சின்னமான ஏழு முனை நட்சத்திரத்தின் விளிம்பு லேசாகப் புடைத்துத் தெரிகிறது. ஸ்டிக்கரை முழுசாக உரிக்காமல் அதன்மேலேயே பெயின்ட் அடித்திருக்கிறார்கள். நான் அதைத் தேய்க்கவில்லை, தேய்க்கப்போவதும் இல்லை.

வாங்கிய கையோடு வயரிங் வேலைதான். போலீஸ் ரேடியோ, சைரன், முன்னால் இரண்டு சிவப்பு விளக்கு எல்லாவற்றையும் கழற்றித்தான் விற்பார்கள். கழற்றுவது ஒரு விதம், வெட்டி எறிவது இன்னொரு விதம். இடையில் வைத்திருந்த யாரோ ஒருவர் கட்டிங் பிளேயரோடு உட்கார்ந்திருக்கிறார். முன்னால் காற்றைத் தடுக்கும் மூடியான ஃபேரிங்கைக் கழற்றியதும் நுனி வெட்டப்பட்ட வயர்கள் கொத்தாக வந்து விழுந்தன. ஒன்றில் எப்போதும் கரன்ட் ஓடிக்கொண்டிருந்தது. வாரம் ஒரு முறை பேட்டரி செத்துப்போன மர்மம் அன்றோடு முடிந்தது. இந்த மாதிரி வண்டி வாங்குகிறவர்கள் எஞ்சினைப் பார்ப்பதற்கு முன்னால் வயரில் கரன்ட் இருக்கிறதா என்று காட்டும் டெஸ்ட் லைட்டை எடுத்துக்கொண்டு ஃபேரிங்குக்குள் தலையை விடுவது நல்லது.

இனி ஓட்டுவது பற்றி.

திரவங்கள் இல்லாமலே எடை சுமார் 270 கிலோ. ஊரில் புல்லட்டை உருட்டி வளர்ந்தவன் நான். அந்தத் தைரியம் இங்கே பார்க்கிங்கிலிருந்து வெளியே எடுக்கும்வரைகூட உதவாது. பழக்கிவிட்டவர் எங்கள் தெருவில் இருக்கும் ஒரு பெரியவர், வாழ்நாள் முழுக்க மோட்டார் ஆபீசராக, அதாவது பைக் போலீஸாக இருந்து ஓய்வு பெற்றவர். ஞாயிற்றுக்கிழமை காலையில் காலியாகக் கிடக்கும் சூப்பர் மார்க்கெட் பார்க்கிங்கில் சின்னச் சின்ன கூம்புகளை அடுக்கிவைப்பார். போலீஸ் மோட்டார் பயிற்சியில் ஆட்கள் வடிகட்டப்படுவது இந்தக் கூம்புகளிடம்தானாம், வேகத்தில் அல்ல.

பாடம் எளிது, செய்வதுதான் கஷ்டம். ஆக்சிலேட்டரை ஒரே அளவில் பிடித்துக்கொள்ள வேண்டும், ஏற்றி இறக்கக் கூடாது. கிளட்ச் பாதி பிடித்தும் பிடிக்காமலும் இழுக்கிற அந்த ஒரு விரற்கடை இடத்தில் விரல்கள் நிற்க வேண்டும். பின் பிரேக்கை மெல்ல மிதித்தபடியே இருந்தால் வண்டி தளும்பாமல் இறுகி நிற்கும். முன் பிரேக் பக்கம் கையே போகக் கூடாது. ஹேண்டில் திரும்பியிருக்கும்போது தொட்டால் அடுத்த நொடி வண்டி தரையில். அதைவிட முக்கியம், கண். போகவேண்டிய இடத்தைத் தோளுக்கு மேலாகக் கழுத்தைத் திருப்பிப் பார்க்க வேண்டும். கூம்பைப் பார்த்தால் கூம்பின் மேல்தான் போய் நிற்போம். நான் தரையைப் பார்க்கும்போதெல்லாம் பெரியவர் நெற்றியில் அடித்துக்கொள்வார்.

ஒருநாள் அது கைகூடியது. ஹேண்டில் இனித் திரும்பாது என்கிற எல்லைவரை திரும்பி, கிராஷ் கார்டு தரைக்கு நாலு விரல் உயரத்தில் இருக்க, எஞ்சின் ஒரே சுருதியில் முனக, இந்தப் பெரிய உடம்பு ஒரு சின்ன வட்டத்துக்குள் நிதானமாகச் சுற்றி வந்தது. எதிர்த்திசையில் ஒருவன் விதியை மீறினால் போலீஸ்காரர் செய்யவேண்டிய முதல் வேலை அந்த யு-டர்ன்தானே. அதில் காலை ஊன்றித் தடுமாறினால் அப்புறம் எத்தனை குதிரைத்திறன் இருந்து என்ன பயன்?

இங்கேதான் கிளட்ச் விஷயம் வருகிறது. இதில் இருப்பது எண்ணெயில் ஊறும் பல தட்டு கிளட்ச். நாள் முழுக்கப் பாதிக் கிளட்ச்சில் வைத்திருந்தாலும் எண்ணெய் சூட்டை வாங்கிக்கொள்கிறது. இதற்கு அடுத்து வந்த பிஎம்டபிள்யூ ஆர்டி வரிசையில் 2013 வரை ஒற்றைத் தட்டு உலர் கிளட்ச். நெடுஞ்சாலையில் கவாஸாகியைவிட எல்லா வகையிலும் மேலான வண்டிகள் அவை. ஏபிஎஸ் உண்டு, செயின் பராமரிப்பு இல்லை, காற்றைத் தடுக்கும் கண்ணாடி ஏறி இறங்கும். ஆனால் கூம்புக்குள் சுற்றும் வேலைக்கு உலர் கிளட்ச் ஒத்துவராது, கருகும் வாடை வரும். 2014 மாடலில் ஆர்டியும் எண்ணெய்க் கிளட்ச்சுக்கு மாறியது. பெரியவர் இரண்டு வகையும் ஓட்டியவர். மழை நாளுக்கு ஜெர்மன், ஊர்வல நாளுக்கு கவாஸாகி என்பது அவர் தீர்ப்பு. நான் மறுப்பதற்கில்லை.

நிற்பதிலும் ஒரு குறை உண்டு. காற்றில் ஆறும் எஞ்சின் என்பதால் காற்று வர வண்டி நகர வேண்டும். ஆகஸ்ட் மாதம் சாக்ரமென்டோ பக்கம் 40 டிகிரி வெயிலில், டிராஃபிக்கில் மாட்டினால் இரண்டு தொடையும் அவியும். எஞ்சின் என்னமோ அசராது, ஐடில் (நிற்கும்போது எஞ்சின் சுற்றும் வேகம்) கொஞ்சம் ஏறி இறங்குவதோடு சரி. அவிவது நாம்தான். கால் வைக்க சாதாரண ஃபுட்ரெஸ்ட்டுக்குப் பதிலாக அகலமான பலகை இருப்பதால் காலை முன்னே பின்னே நகர்த்திக்கொள்ள முடிகிறது. எட்டு மணி நேர ஷிஃப்ட்டில் பூட்ஸோடு உட்காருகிறவரை நினைத்து வைத்திருக்கிறார்கள்.

கலிபோர்னியாவில் நின்றுபோன இரண்டு லேன்களுக்கு நடுவே பைக் போகலாம். 2016ல் கையெழுத்தாகி அடுத்த வருடம் அமலுக்கு வந்த சட்டம் அதை வெளிப்படையாகவே ஒப்புக்கொண்டது. ஹைவேயில் பைக் போலீஸ் வைத்திருப்பதன் காரணமும் பெரும்பாலும் இதுவே. விபத்து நடந்து அஞ்சு மைலுக்குக் கார்கள் உறைந்து நிற்கும்போது அங்கே முதலில் போய்ச் சேர பைக்கால்தான் முடியும். என் வண்டியில் கிராஷ் கார்டும் சைடு பாக்ஸும் சேர்ந்து அகலம் கூடுதல் என்பதால் முதலில் பயந்தேன். பழகிவிட்டால் முன் கிராஷ் கார்டு ஒரு அளவுகோல். அது நுழைந்தால் மிச்சமும் நுழையும்.

வழி கிடைப்பதற்கு வேறொரு காரணமும் உண்டு. வெள்ளை ஃபேரிங்கை ரியர்வியூ கண்ணாடியில் பார்த்ததுமே முன்னால் போகிற கார் 80லிருந்து 65 மைலுக்கு இறங்கும். கையில் இருந்த போன் மடிக்குப் போகும். சிரிப்பு வரும், கூடவே கொஞ்சம் சங்கடமும். போலீஸ் வண்டி போலவே பெயின்ட் அடித்து வைத்துக்கொள்வது இங்கே குற்றம். முன்னால் தெரியும்படி சிவப்பு விளக்கும் கூடாது. அதனால் டேங்க், மட்கார்டு, பாக்ஸ் எல்லாம் அடர் மெரூன், ஃபேரிங் மட்டும் வெள்ளை. துரத்தல் விளக்குக்கான பழைய சுவிட்சில் இப்போது ஒரு வெள்ளைப் பனி விளக்கு எரிகிறது.

பராமரிப்பு சல்லிசு, ஆனால் கையில் கிரீஸ் படத் தயங்காதவர்களுக்கு மட்டும். எண்ணெய், ஃபில்டர், பிளக், செயின் எல்லாம் வீட்டு வாசலிலேயே முடிகிற வேலை. கஷ்டம் வால்வு. வால்வு இடைவெளியைச் சரிசெய்யும் சின்னத் தகடுதான் ஷிம். இதற்கு முந்தைய கேஇசட் எஞ்சின்களில் அது வால்வின் தலைமேல் உள்ள பக்கெட் என்ற கிண்ணத்தின் மேலே இருக்கும், வால்வை அழுத்தித் திறக்கும் கேம்ஷாஃப்ட்டைத் தொடாமலே மாற்றலாம். இதில் பக்கெட்டுக்கு அடியில். இடைவெளியை அளப்பது சுலபம், மாற்றவேண்டி வந்தால் கேம்ஷாஃப்ட் இரண்டையும் தூக்க வேண்டும். அதிர்ஷ்டவசமாக அடிக்கடி மாற்றும் தேவை வருவதில்லை. கார்பரேட்டரையும் எஞ்சினையும் இணைக்கும் ரப்பர்கள் வயதானால் விறைத்து வெடிக்கும். அதன் வழியே காற்று புகுந்து ஐடில் தாறுமாறாகும். நாலையும் ஒரே சமயத்தில் மாற்றிவிட்டால் நிம்மதி. டயர் முன்னும் பின்னும் ஒரே 18 அங்குல அளவு. போலீஸ் கேரேஜில் ஒரே வகை டயரை அடுக்கினால் போதும் என்ற கணக்கு, இப்போது எனக்கும் வசதி.

சுமார் 15 லிட்டர் டேங்க். லிட்டருக்கு 15, 16 கிலோமீட்டர் கிடைக்கிறது. பங்க் நிறைய இருக்கும் ஹைவேக்கு ஓகே, பாலைவனப் பக்கம் போனால் கணக்குப் போட்டுத்தான் போக வேண்டும். பின்சீட் கிடையாது. அந்த இடத்தில் ரேடியோ பெட்டி. "இவ்வளவு பெரிய வண்டி வாங்கி, ஒரு ஆள் உட்கார இடமில்லைன்னா அதுக்குப் பேரு என்னங்க?" என்று என் மனைவி கேட்டார். பதில் சொல்ல முடியாததால் அந்தப் பெட்டியில் இப்போது காய்கறி வருகிறது.

நீங்களும் ஒன்றைப் பார்க்கப் போவதாக இருந்தால், எஞ்சினைக் குளிராகவே வைத்திருக்கச் சொல்லிவிட்டுப் போங்கள். போனதும் தொட்டுப் பாருங்கள். சோக் போட்டு, உங்கள் கையால் ஸ்டார்ட் செய்து, சூடானதும் கால் மணி நேரம் நின்ற இடத்திலேயே ஓடவிடுங்கள். அப்புறம் முதல் கியரில், பாதிக் கிளட்ச்சில் இரண்டு பக்கமும் வட்டமடியுங்கள். ஒரு பக்கம் திரும்பும்போது மட்டும் ஐடில் ஏறினால் ஆக்சிலேட்டர் கேபிள் எங்கோ இழுபடுகிறது, பயப்பட ஒன்றுமில்லை. வளைந்து வரும்போது ஹேண்டில் நடுவில் சிக்கிச் சிக்கி வந்தால் ஸ்டீயரிங் பேரிங் போயிருக்கிறது, அதன் செலவை விலையில் கழித்துக் கேளுங்கள். விற்பவர் ஹைவேயில் ஓட்டிக் காட்டுகிறேன் என்று கூப்பிட்டால் அதற்கு அப்புறம் போனால் போதும்.