செலினைட்டா, செலினோமெத்தியோனினா?

விலங்கு செல்லுக்குச் செலினியம் என்னும் நுண்சத்து எந்த வடிவில் போனாலும், பெராக்சைடுகளிடமிருந்து செல்லைக் காக்கும் குளூட்டதயோன் பெராக்சிடேஸ் நொதியை அடையும் முன் ஹைட்ரஜன் செலினைடாக மாறியே தீர வேண்டும். அங்கிருந்துதான் செலினோசிஸ்டீன் என்னும் செலினியம் கொண்ட அமினோ அமிலம் உருவாகி நொதியின் செயல்மையத்தில் அமர்கிறது. இந்த நொதியில் செலினியம் இருப்பது 1973-இல் தெரியவந்தது.

செலினியத்தின் கனிம உப்பான சோடியம் செலினைட்டுக்கு இந்தப் பாதை குறுகியது. செல்லிலுள்ள குளூட்டதயோன் என்னும் சிறு மூலக்கூறு அதை நேரே ஒடுக்கிவிடும், அதாவது எலக்ட்ரான் கொடுத்துச் செலினைடாக்கிவிடும். செலினியம் குறைந்த செல்களில் நொதியின் செயல்பாடு விரைவில் உயர்கிறது. ஆனால் அளவு மீறினால் அதே வினை சூப்பராக்சைடு என்னும் தீங்கான ஆக்சிஜன் வடிவை உண்டாக்கும். காக்க வந்ததே செல்லைக் கொல்லும். செல் வளர்ப்பு ஊடகத்தில் செலினைட்டைச் சேர்ப்பவர்கள் இதை ஒருபோதும் மறக்கக் கூடாது!

மெத்தியோனின் என்னும் அமினோ அமிலத்தில் கந்தகத்துக்குப் பதில் செலினியம் அமர்ந்த வடிவமான செலினோமெத்தியோனின் நிதானமானது. செல் அதைச் சாதாரண மெத்தியோனினிலிருந்து பிரித்தறிவதில்லை; கிடைத்த புரதத்திலெல்லாம் சேர்த்துவிடும். அது சேமிப்பு, நொதி அல்ல. புரதம் சிதையும்போதுதான் அந்தச் செலினியம் வெளிவரும். ஆகவே திசுவில் செலினியம் மிகுந்திருப்பதை நொதி மிகுந்ததாகக் கொள்வது தவறு.

செல் ஆய்வில் நொதியை விரைவாக உயர்த்த, குறைந்த அளவுச் செலினைட்டே என் தேர்வு. விலங்கின் உடலில் நெடுநாள் இருப்பு வேண்டுமெனில் செலினோமெத்தியோனின்.