மைனர் லீக் பேஸ்பாலில் ஸ்கோர் எழுத எது தோது: கிளப் அட்டையா, சொந்தப் புத்தகமா, வெற்றுக் கட்டத் தாளா, செயலியா?

மைனர் லீக் என்பது மேஜர் லீக்குக்குக் கீழே, இளம் ஆட்டக்காரர்கள் தேறி மேலே போகும் அமெரிக்க லீக்; டபுள் ஏ அதில் ஒரு படி. அந்தப் படியில் ஓர் ஆட்டம், ஏழாவது இன்னிங். புதிய பிட்சர் (பந்து எறிபவர்) வருகிறார். அதோடு செகண்ட் பேஸ்மேன் லெஃப்ட் ஃபீல்டுக்கு நகர்கிறார். லெஃப்ட் ஃபீல்டில் நின்றவர் வெளியேற, அவருடைய பேட்டிங் இடத்தில் பெஞ்சிலிருந்து ஒருவர் வந்து செகண்ட் பேஸில் நிற்கிறார். அறிவிப்பாளர் இத்தனையையும் ஒரே மூச்சில் சொல்லி முடித்ததும் ஒலிபெருக்கியில் பாட்டு தொடங்கிவிடும். கையிலிருக்கும் தாள் தேறுமா தேறாதா என்பது அந்த அரை நிமிடத்தில் தெரிந்துவிடும். முதல் இன்னிங்கில் எல்லாத் தாளும் நல்ல தாள்தான்.

ஸ்கோர் எழுதும் பழக்கத்துக்கும் கிரிக்கெட்டுக்கும் பழைய உறவு உண்டு. இங்கிலாந்தில் பிறந்து, நியூயார்க்கில் கிரிக்கெட் செய்தி எழுதிக்கொண்டிருந்த ஹென்றி சாட்விக் என்ற பத்திரிகையாளர்தான் 19ஆம் நூற்றாண்டில் பேஸ்பாலுக்கு ஸ்கோர் முறையை வகுத்துத் தந்தார். ஸ்டிரைக்அவுட்டுக்கு (மூன்று ஸ்டிரைக் விழுந்து பேட்டர் அவுட் ஆவது) இன்றும் 'கே' என்று எழுதுகிறோமே, அது 'ஸ்ட்ரக்' என்ற சொல்லின் கடைசி எழுத்திலிருந்து அவர் எடுத்தது. பேட்டர் மட்டையை வீசாமலே மூன்றாவது ஸ்டிரைக் விழுந்தால் கண்ணாடியில் தெரிவதுபோல் திரும்பிய 'கே'. களத்து இடங்களுக்கு எண்கள்: பிட்சர் 1, கேட்சர் (பேட்டருக்குப் பின்னால் பந்தைப் பிடிப்பவர்) 2, ஃபர்ஸ்ட் பேஸ் 3, செகண்ட் பேஸ் 4, தேர்ட் பேஸ் 5, ஷார்ட்ஸ்டாப் (செகண்டுக்கும் தேர்டுக்கும் இடையில் நிற்பவர்) 6, லெஃப்ட் ஃபீல்ட் 7, சென்டர் 8, ரைட் 9. ஷார்ட்ஸ்டாப் பந்தை எடுத்து செகண்டுக்கும், அங்கிருந்து ஃபர்ஸ்டுக்கும் போனால் 6-4-3 டபுள் பிளே (ஒரே அடியில் இருவர் அவுட்). ஆட்டக்காரரின் சட்டை எண் வேறு, இந்த எண் வேறு. புதிதாக எழுதுபவர்கள் முதலில் தடுமாறுவது இங்கேதான்.

மேஜர் லீக் ஆட்டத்துக்குப் பொருந்தும் தாள் மைனர் லீக்குக்குப் பொருந்தும் என்று சொல்ல முடியாது. 2021இல் மைனர் லீக் அமைப்பு மாற்றியமைக்கப்பட்டபின் மேஜர் லீக் அணிகளோடு இணைந்தவை 120 அணிகள். டிரிபிள் ஏ, டபுள் ஏ, ஹை ஏ, சிங்கிள் ஏ என நான்கு படிகள், படிக்கு முப்பது. பெரும்பாலும் செவ்வாய் முதல் ஞாயிறு வரை ஒரே எதிரணியோடு ஆறு ஆட்டங்கள், திங்கள் விடுமுறை. இந்த ஆறு நாளுக்குள்ளேயே ஒருவர் மேலே அழைக்கப்படுவார், இன்னொருவர் கீழேயிருந்து வருவார். இளம் பிட்சர்களுக்குப் பந்து எண்ணிக்கையில் கட்டுப்பாடு இருப்பதால், நன்றாக வீசிக்கொண்டிருப்பவரைக்கூட நாலாவது இன்னிங்கில் எடுத்துவிடுவார்கள். ஒரே நாளில் இரண்டு ஆட்டம் என்றால் ஒவ்வொன்றும் 7 இன்னிங்தான். 2018 முதல், கூடுதல் இன்னிங் ஒவ்வொன்றும் செகண்ட் பேஸில் ஒரு ஓட்டக்காரரை நிறுத்தித் தொடங்குகிறது. இந்த நான்கையும் மனதில் வைத்துத்தான் தாளைத் தேர்ந்தெடுக்க வேண்டும்.

கிளப் அட்டை

மைதானத்து நுழைவாயிலில் கிடைக்கும் அட்டையில் இரு அணிகளின் பெயர்ப் பட்டியலும் சட்டை எண்களும் இருந்தால் பாதி வேலை முடிந்தது. நினைவாக வைத்துக்கொள்ளவும் அழகு. ஆனால் அந்தப் பட்டியல் பெரும்பாலும் தொடரின் தொடக்கத்தில் அச்சானது. வெள்ளிக்கிழமைக்குள் இரண்டு மூன்று பெயர்கள் பழசாகியிருக்கும். பேட்டிங் இடம் ஒன்றுக்கு இரண்டே வரிகள், பிட்சர்களுக்கு நாலைந்து வரிகள் என்று குறுக்கியிருப்பார்கள். நாலாவது இன்னிங்கிலேயே முதல் பிட்சர் போய்விடும் ஆட்டத்தில் ஐந்து வரி எப்படிப் போதும்? இன்னொரு சிக்கல் தாளின் வழவழப்பு. பென்சில் பிடிக்காது, பந்துமுனைப் பேனா உள்ளங்கை பட்டதும் இழுசும். மாதம் ஒரு முறை குடும்பத்தோடு போகிறவர்களுக்கு இது போதும், தாராளமாக வாங்கலாம். பல மைதானங்களில் இப்போது அச்சு அட்டையே கிடையாது, கைப்பேசியில் பட்டியல் பார்க்கச் சொல்கிறார்கள். அதனால் இதை மட்டும் நம்பிப் போவது நல்லதல்ல.

வைரம் அச்சிட்ட சுருள்கம்பிப் புத்தகம்

விளையாட்டுப் பொருள் கடைகளில் கிடைக்கும் இந்தப் புத்தகத்தில் ஒவ்வொரு கட்டத்திலும் நான்கு பேஸ்களைக் குறிக்கும் சின்ன வைர வடிவம் அச்சாகியிருக்கும். ஓட்டக்காரர் நகர நகர அதன் பக்கங்களின் மேல் கோடு இழுத்து, ஓட்டம் எடுத்தால் வைரத்தை நிரப்பிவிடலாம். வாங்கும்போது நான்கைப் பாருங்கள். பேட்டிங் இடத்துக்கு மூன்று வரி. பிட்சர்களுக்குக் குறைந்தது எட்டு வரி. பன்னிரண்டு இன்னிங்குக்கு நிரல்கள். இரு அணிகளும் எதிரெதிர்ப் பக்கத்தில் இருக்கும் அமைப்பு. கடைசியாகச் சொன்னதைப் பலர் கவனிப்பதில்லை. ஒரே தாளின் முன்னும் பின்னுமாக இரு அணிகள் இருந்தால், ஒன்பது இன்னிங்கில் பதினேழு முறை தாளைப் புரட்ட வேண்டும். காற்றடிக்கும் மாலையில் அதுவே பெரும்பாடு.

பன்னிரண்டு நிரல் எப்போதும் போதுமா? 1981 ஏப்ரல் 18 அன்று ரோட் ஐலண்டின் பாட்டக்கெட்டில் தொடங்கிய பாட்டக்கெட் ரெட் சாக்ஸ் – ராச்செஸ்டர் ரெட் விங்ஸ் ஆட்டம் விடியற்காலை நாலு மணி தாண்டி, 32 இன்னிங் முடிந்து நிறுத்தப்பட்டது. ஜூன் 23இல் 33ஆவது இன்னிங்கில் பாட்டக்கெட் 3-2 என்று வென்றது. ஆடிய நேரம் 8 மணி 25 நிமிடம். அன்று மூன்று தாள் ஒட்டினால்தான் ஒரு ஆட்டம் அடங்கியிருக்கும். செகண்ட் பேஸில் ஓட்டக்காரர் நிற்கும் இன்றைய விதியில் பன்னிரண்டைத் தாண்டுவது அரிது.

வைர முறையின் பலம், ஒரு ஓட்டம் எப்படி வந்தது என்பதை ஒரே கட்டத்தில் படித்துவிடலாம் என்பது. அதன் பலவீனமும் அங்கேயே இருக்கிறது: எந்த நகர்வு எப்போது நடந்தது என்பது தெரியாது. அதற்கு மருந்து, ஒவ்வொரு நகர்வின் மூலையிலும் அப்போது பேட் செய்துகொண்டிருந்தவரின் வரிசை எண்ணைச் சின்னதாக எழுதுவது. இதைச் செய்யாமல் விட்டால் மறுநாள் பார்க்கும்போது பந்து கேட்சரைத் தாண்டியபோது வந்தாரா, அடுத்த ஹிட்டில் வந்தாரா என்று உங்கள் கையெழுத்தே உங்களுக்குப் புதிராகிவிடும்.

வெற்றுக் கட்டத் தாள்

1984இல் பேஸ்பால் புள்ளிவிவர எழுத்தாளர் பில் ஜேம்ஸின் அழைப்பில் ரசிகர்கள் கூடி மேஜர் லீக் ஆட்டங்களின் முழுப் பதிவைத் தொகுக்கத் தொடங்கிய முயற்சிக்குப் பெயர் புராஜெக்ட் ஸ்கோர்ஷீட். அவர்கள் பயன்படுத்திய கட்டத்தில் வைரம் இல்லை, மூன்று வரிகள் மட்டுமே. மேல் வரியில் பேட்டர் ஆடி முடிக்குமுன் நடந்தது. நடுவில் பேட்டர் செய்தது. கீழே அதனால் ஓட்டக்காரர்கள் நகர்ந்தது. ஓட்டக்காரரைப் பெயரால் குறிப்பதில்லை, அவர் நிற்கும் பேஸால் குறிப்பார்கள்.

ஒரே நிகழ்வை இரண்டு முறையிலும் எழுதிப் பார்த்தால் வித்தியாசம் பிடிபடும். முதல் பேட்டர் 'வாக்' பெற்று (ஸ்டிரைக் எல்லைக்கு வெளியே நாலு பந்து விழுந்ததால்) ஃபர்ஸ்டுக்குப் போகிறார். இரண்டாமவர் ஆடும்போது செகண்டைத் திருடுகிறார். இரண்டாமவர் செகண்ட் பேஸ்மேனிடம் தரைப்பந்து அடித்து ஃபர்ஸ்டில் அவுட், முதலாமவர் தேர்டுக்குப் போகிறார். மூன்றாமவர் சென்டருக்குத் தூக்கியடித்த பந்து கேட்சாகி அவர் அவுட், ஆனால் அதில் முதலாமவர் ஓட்டம் எடுக்கிறார் (இதுதான் தியாகப் பந்து). வைர முறையில் முதலாமவரின் கட்டத்திலேயே நாலு பக்கக் கோடுகளும் மூன்று குறிப்புகளும் குவியும். மற்ற இருவர் கட்டத்தில் 4-3 என்றும், 8 உடன் தியாகப் பந்து என்றும் மட்டும் இருக்கும். மூவரிக் கட்டத்திலோ முதலாமவருக்கு வாக் என்பதோடு சரி. இரண்டாமவர் கட்டத்தில் மேலே செகண்ட் திருட்டு, நடுவே 43, கீழே 2-3 (செகண்டிலிருந்து தேர்டுக்கு). மூன்றாமவர் கட்டத்தில் நடுவே 8 தியாகப் பந்து, கீழே 3-ஹோம். நடந்த வரிசை கலையாமல் அப்படியே நிற்கிறது.

மைனர் லீக்கில் இந்த முறை கைகொடுப்பது பதில் ஓட்டக்காரர் வரும்போது. தேர்டில் நின்றவருக்குப் பதில் வேறொருவர் வந்து ஓட்டம் எடுத்தால், அந்த ஓட்டம் வந்தவர் கணக்கில்தான் சேரும். வைர முறையில் பழையவர் கட்டத்தின் நடுவில் கோடு கிழித்து, புதியவரின் சட்டை எண்ணை எழுதி, ஓட்டத்தை மட்டும் கீழ்வரிக்குக் கொண்டுபோக வேண்டும். மூவரிக் கட்டத்தில் ஆள் மாற்றத்தை ஒரு முறை குறித்தால் போதும், பேஸ் எண் மாறுவதில்லை. கூடுதல் இன்னிங்கில் நிறுத்தப்படும் ஓட்டக்காரரும் அப்படியே: முதல் பேட்டரின் மேல் வரியில் செகண்டில் ஆள் என்று ஒரு குறி, அவ்வளவுதான். இதற்குக் கொடுக்கும் விலை என்னவென்றால், ஒரு ஆட்டக்காரர் அன்று என்ன செய்தார் என்று பார்க்க மூன்று நாலு கட்டங்களைத் தேட வேண்டும். பக்கத்து இருக்கைக்காரர் எட்டிப் பார்த்தாலும் ஒன்றும் விளங்காது. ஐந்தாறு ஆட்டங்கள் வைர முறையில் எழுதிப் பழகியபின் இதற்கு வருவதே சரி. முதல் நாளே எடுத்தால் மூன்றாவது இன்னிங்கில் மூடிவைத்துவிடுவீர்கள்.

செயலி

கைப்பேசிச் செயலிகளின் நன்மை கூட்டல். இன்னிங் முடிந்ததும் எல்லாக் கணக்கும் தயாராக நிற்கும். ஆனால் ஆட்டத்துக்கு முன்பே இரு அணிகளின் பெயர்களையும் பெஞ்சோடு சேர்த்து உள்ளிட வேண்டும். பிற்பகல் வெயிலில் திரை தெரியாது. மூன்று நிகழ்வுக்கு முன் செய்த பிழையைத் திருத்தப் போனால், அதன் பின்னுள்ள ஓட்டக்காரர்கள் எல்லாரும் இடம் மாறிவிடுவார்கள். எல்லாவற்றுக்கும் மேல், பிட்ச் கிளாக்: பிட்சர் பந்தை எறிய வைக்கும் நேரக் கெடு. 2022இல் மைனர் லீக் முழுவதும் அது வந்தபோது சராசரி ஆட்ட நேரம் சுமார் 25 நிமிடம் குறைந்தது. பந்துக்குப் பந்து இருந்த இடைவெளி சுருங்கியதால், ஒவ்வொரு பந்துக்கும் திரையைத் தட்டுகிறவர் களத்தைப் பார்ப்பது குறைந்துபோகிறது. பார்க்கத்தானே போனோம்?

சிறுவர் அணிக்கு ஸ்கோர் எழுதும் பெற்றோருக்குச் செயலி அருமையான துணை. மைனர் லீக் ரசிகருக்கு அந்தத் தேவை இல்லை. லீக்கின் சொந்த நேரலைப் பதிவு இலவசமாகவே பந்து பந்தாகக் கிடைக்கிறது. கைப்பேசியின் சரியான வேலை அதுதான்: ஆள் மாற்றம் காதில் விழாதபோது, ஹிட்டா எரரா (ஃபீல்டரின் பிழையா) என்று பலகையில் தெரியாதபோது எடுத்துப் பார்ப்பது.

பென்சில், இருக்கை, பந்துக் கணக்கு

0.7 மிமீ எச்பி முனையுள்ள இயந்திரப் பென்சில் போதும். 0.5 முனை மடியில் வைத்து எழுதும்போது ஒடியும். தனியாக ஒரு நல்ல அழிப்பான் அவசியம், பென்சில் முனையிலுள்ளது ஐந்தாவது இன்னிங்கில் தேய்ந்துவிடும். மழைச் சாரலில் ஜெல் பேனா மை கரைந்தோடும். ஹோம் பிளேட்டுக்குப் பின்னால், பலகையும் இரு புல்பென்னும் (பிட்சர்கள் தயாராகும் இடம்) தெரியும்படி ஏழெட்டு வரிசை மேலே உட்காருங்கள். அங்கேயும் பந்தின் வகையை ஊகித்து எழுத வேண்டாம். 'பால்' (ஸ்டிரைக் எல்லைக்கு வெளியே போன, பேட்டர் வீசாத பந்து) என்றால் ஒரு புள்ளி, ஸ்டிரைக்குக்கு ஒரு கோடு போதும். டிரிபிள் ஏ ஆட்டத்தில் பேட்டரோ பிட்சரோ கேட்சரோ தலையைத் தட்டினால் நடுவரின் தீர்ப்பைத் தானியங்கி முறைக்கு மேல்முறையீடு செய்கிறார் என்று பொருள். பலகையில் முடிவு வரும்வரை அந்தப் பந்தைக் குறிக்காதீர்கள். குறித்துவிட்டு அழிப்பவர்கள்தான் மூன்றாவது ஸ்டிரைக்கைத் தவறவிடுகிறார்கள்.

கணக்கு நேர்ப்படுகிறதா?

எந்தத் தாளானாலும் சோதனை ஒன்றே. ஒரு அணியின் அட்-பேட் (இங்கே சொல்லும் மற்றவை தவிர்த்த பேட்டிங் முறைகள்), வாக், பந்து பட்டவர், தியாக பண்ட் (ஓட்டக்காரரை நகர்த்த மெல்லத் தட்டி அவுட்டாவது), தியாகப் பந்து, இடையூறால் ஃபர்ஸ்ட் பெற்றவர் எல்லாவற்றையும் கூட்டுங்கள். அது அந்த அணியின் ஓட்டங்கள், பேஸில் மிஞ்சியவர்கள், எதிரணியின் புட்அவுட் (அது எடுத்த அவுட்கள்) மூன்றின் கூட்டுக்குச் சமமாக வேண்டும். உதாரணமாக 33 அட்-பேட், 4 வாக், 1 பந்து பட்டவர், 1 தியாகப் பந்து: 39. மறுபுறம் 5 ஓட்டம், 7 மிஞ்சியவர், 27 புட்அவுட்: 39. ஏழு இன்னிங் ஆட்டத்தில் புட்அவுட் 21. அந்த ஏழு இன்னிங் ஆட்டத்தில் முன்னிலையில் இருக்கும் உள்ளூர் அணி கடைசியில் பேட் செய்யாவிட்டால் அதன் எதிரணிக்கு 18. கூடுதல் இன்னிங் போனால், நிறுத்தப்பட்ட ஓட்டக்காரர் பேட் செய்யாமலே பேஸுக்கு வந்தவர் என்பதால், அணி பேட் செய்த ஒவ்வொரு கூடுதல் இன்னிங்குக்கும் இடதுபுறம் 1 சேர்க்க வேண்டும். இதை மறந்து, நேர்ப்படாத கணக்கோடு இரவெல்லாம் மல்லுக்கட்டுகிறவர்கள் உண்டு. அவர் எடுக்கும் ஓட்டம் பிட்சரின் ஈட்டிய ஓட்டக் கணக்கிலும் (பிட்சரின் பொறுப்பாக எண்ணப்படும் ஓட்டங்கள்) சேராது.

செயலியில் இந்தச் சோதனை தானாக நேர்ப்படும், ஆனால் தவறான ஆளுக்குப் போன ஹிட்டை அது காட்டாது. கிளப் அட்டையில் வரி போதாமல் ஓரத்தில் எழுதியவை கூட்டலில் விட்டுப்போகும். ஆறு ஆட்டத் தொடர் முழுவதும் போகிறவருக்கு மூன்று வரியுள்ள சொந்தப் புத்தகமே நல்லது. ஞாயிற்றுக்கிழமை முதல் பக்கத்துக்குத் திரும்பி, செவ்வாயன்று இதே பிட்சரை இதே பேட்டர் எப்படிச் சந்தித்தார் என்று பார்க்க வேறெதிலும் வழியில்லை.

வீட்டுக்கு வந்ததும் மொத்தங்களை மையில் எழுதிவிட வேண்டாம். ஹிட்டா எரரா போன்ற தீர்ப்புகளை அதிகாரபூர்வ ஸ்கோரர் ஆட்டம் முடிந்து 24 மணி நேரத்துக்குள் மாற்றலாம். ஷார்ட்ஸ்டாப்பின் எரர் என்று நீங்கள் குறித்தது மறுநாள் பாக்ஸ் ஸ்கோரில் (ஆட்டத்தின் சுருக்க அட்டவணை) ஹிட் ஆகியிருந்தால், பேட்டரின் வரி, ஷார்ட்ஸ்டாப்பின் எரர், பிட்சரின் ஈட்டிய ஓட்டம் என மூன்று இடங்களைத் திருத்த வேண்டியிருக்கும். எரர் குறித்த கட்டங்களின் மூலையில் ஆட்டத்தின்போதே ஒரு புள்ளி வைத்துவிட்டால், மறுநாள் எங்கே பார்ப்பது என்று தேட வேண்டாம்.