பூட்டு பூட்டியபடியே கிடந்தது: திண்டுக்கல் மாங்காய்ப் பூட்டு, 11 மாத அனுபவம்

போன வருடம் ஜூலையில் இந்தப் பூட்டை வாங்கினேன். விலை 1,400 ரூபாய். ஒரு மழைக்காலத்தையும் ஒரு கோடையையும் பார்த்துவிட்டது. வாங்க நினைக்கிறவர்களுக்கு உதவும் என்று எழுதுகிறேன். பூட்டைப் பற்றிச் சொல்வதற்கு முன்னால், அதை வாங்க வேண்டி வந்த கதையைச் சொல்லிவிடுகிறேன். அதைச் சொல்லாமல் பூட்டை மட்டும் புகழ்ந்தால் நீங்களும் நான் செய்த தப்பையே செய்வீர்கள்.

எங்கள் வீடு காரைக்குடியில், பஸ் நிலையத்திலிருந்து கொஞ்சம் தள்ளி. நான் வீட்டிலேயே ரவிக்கை தைத்துக் கொடுக்கிறேன். வீட்டுக்காரர் திருப்பூரில் வேலை, மாதம் இரண்டு முறை வருவார். வீட்டில் நானும் அத்தையும் நாலாவது படிக்கும் பையனும்தான். போன வருடம் மே மாதம், பையனுக்கு முடி இறக்கும் வேண்டுதலுக்காக எல்லோரும் திருச்செந்தூர் போனோம். இரண்டு ராத்திரி. மூன்றாம் நாள் காலை வந்து பார்த்தால் முன்கதவு ஒருக்களித்துத் திறந்திருக்கிறது. வாசல்படியில் பூட்டு கிடந்தது. பூட்டியபடியே கிடந்தது. ஒரு கீறல்கூட இல்லை. அது தொங்கிய ஆல்டிராப், அதாவது பூட்டு மாட்டும் இரும்புத் தாழ், நாலு ஸ்க்ரூவோடும் மரத்தூளோடும் அப்படியே பெயர்ந்து வந்திருந்தது.

மூன்று பவுன் சங்கிலி போனது. கல்யாண ரவிக்கைகளுக்கு வாங்கி வைத்திருந்த முன்பணம் 18,000 போனது. எங்கள் அம்மாவின் மூக்குத்தி போனது. பணத்தைத் தைத்துத் தைத்துச் சேர்த்துவிடலாம். அந்த மூக்குத்தியை அம்மா கடைசி நாள் வரைக்கும் போட்டிருந்தார்கள். எழுதும்போதே கை நிற்கிறது.

போலீஸ் வந்தார்கள், கைரேகை எடுத்தார்கள், புகார் எழுதிக் கொடுத்தேன். வந்த ஏட்டையா ஒருவர் கதவைப் பார்த்துவிட்டுச் சொன்னதுதான் எனக்கு முதல் பாடம்: "வாசல் லைட்டைப் போட்டுட்டுப் போனீங்களாம்மா?" ஆமாம், போட்டுவிட்டுத்தான் போனோம். ராத்திரி வெளிச்சம் இருக்கட்டும் என்று. ஆனால் அது பகலிலும் எரிந்திருக்கிறது. பட்டப்பகலில் எரியும் வாசல் விளக்கைப் பார்த்தால், வீட்டில் ஆளில்லை என்று தெருவில் போகிற யாருக்கும் தெரியும். கேட்டில் செருகிய விளம்பர நோட்டீஸ்களும் அப்படியே இருந்தன. பால்காரரிடம் வேண்டாம் என்று சொல்லிவிட்டுப் போன எனக்கு இது தோன்றவில்லை.

அந்தப் பழைய பூட்டு இங்கே ஒரு கடையில் 320 ரூபாய்க்கு வாங்கியது. அதன் மேல் எனக்குக் குறை இல்லை, அது தன் வேலையைச் செய்தது. ஆனால் எனக்கு அப்போது அது புரியவில்லை. பெரிய பூட்டாக வாங்க வேண்டும், யாராலும் உடைக்க முடியாததாக வாங்க வேண்டும் என்றே மனசு ஓடியது. எங்கள் ஆச்சி வீட்டுத் தேக்குக் கதவில் கை அகலத்துக்கு ஒரு பூட்டு தொங்கும். திண்டுக்கல்லில் செய்தது என்பார்கள். சரி, அங்கேயே போய்விடுவோம் என்று அத்தையிடம் பையனை விட்டுவிட்டு, திருப்பத்தூர், நத்தம் வழியாகப் பஸ் ஏறினேன்.

திண்டுக்கல் பூட்டுக்கு 2019 ஆகஸ்டில் புவிசார் குறியீடு கிடைத்தது. அதே சமயத்தில்தான் எங்கள் ஊர்க் கண்டாங்கிச் சேலைக்கும் கிடைத்தது. ஆனால் பெயர் இருக்கிறது என்பதற்காகக் கடையில் "திண்டுக்கல் பூட்டு" என்று நீட்டுவதெல்லாம் அங்கே செய்தது என்று நம்பிவிடாதீர்கள். பஸ் நிலையத்துப் பக்கம் முதலில் நுழைந்த கடையில் பளபளவென்று ஒன்றைக் காட்டினார்கள். கையில் எடுத்தால் எடையே இல்லை. கேட்டுக் கேட்டு, நல்லாம்பட்டிப் பக்கம் ஒரு பட்டறைக்குப் போய்ச் சேர்ந்தேன். எழுபது வயதிருக்கும் ஒரு ஐயா, அரத்தால் சாவியை ராவிக்கொண்டிருந்தார்.

"பெரிய பூட்டா வேணும்யா" என்றேன். அவர் பூட்டை எடுக்கவே இல்லை. "கதவு என்ன மரம்? ஆல்டிராப் எதுல நிக்குது, ஸ்க்ரூவா போல்ட்டா?" என்று கேட்டார். நடந்ததைச் சொன்னேன். ஐயா கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம் சொன்னார்: "பூட்டை எவன்மா திறக்கிறான்? கம்பியை உள்ளே விட்டு நெம்புறான். நாதாங்கி பேந்து வந்துரும். நான் எத்தனை லீவர் வச்சுக் கொடுத்தாலும் நாலு ஸ்க்ரூவுக்கு என்ன பண்ண முடியும்?"

எனக்கு இந்த ஒரு பேச்சுக்கே பஸ் காசு தகும். விற்கிற மனுஷர் முதலில் தன் சரக்கைப் பற்றிப் பேசாமல் என் கதவைப் பற்றிப் பேசினார்.

பிறகு ஒரு பூட்டைப் பிரித்துக் காட்டினார். உள்ளே பித்தளைத் தகடுகள் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கியிருக்கின்றன. அதைத்தான் லீவர் என்கிறார்கள். ஒவ்வொரு தகடும் வேறு வேறு உயரத்துக்குத் தூக்கப்பட வேண்டும். சாவியில் உள்ள பல் எல்லாத் தகடுகளையும் ஒரே நேரத்தில் சரியான மட்டத்துக்குத் தூக்கினால்தான் நாக்கு நகரும். ஒன்று கூடினாலும் குறைந்தாலும் நகராது. தகடு எண்ணிக்கை கூடக் கூடக் கள்ளச்சாவி போடுவது கஷ்டம். மெஷினில் ஆயிரக்கணக்கில் செய்யும் மலிவுப் பூட்டுகளில் ஒரே சாவி அமைப்பு திரும்பத் திரும்ப வரும், இங்கே ஒவ்வொரு பூட்டுக்கும் கையால் ராவுவதால் அப்படி வராது என்றார். நான் வாங்கியது 8 லீவர் மாங்காய்ப் பூட்டு. உடம்பு மாங்காய் வடிவத்தில் இருப்பதால் அந்தப் பெயர். முக்கால் கிலோவுக்குக் கொஞ்சம் கூட இருக்கும். மேல் வளையம் 12 மில்லிமீட்டர் தடிமன்.

இந்தத் தடிமனுக்கு ஒரு காரணம் இருக்கிறது. ஆல்டிராப் ஓட்டைக்கும் பூட்டு வளையத்துக்கும் நடுவே எவ்வளவு இடைவெளி இருக்கிறதோ, அவ்வளவு வசதியாகக் கம்பியை நுழைத்து நெம்பலாம். வளையம் ஓட்டையை நிறைத்துக்கொண்டு, பூட்டு கதவோடு ஒட்டி நின்றால் கம்பிக்கு இடமில்லை. என் பழைய பூட்டு ஊஞ்சல் மாதிரி ஆடிக்கொண்டிருந்தது.

ஊருக்கு வந்ததும் தச்சரைக் கூப்பிட்டுப் புது ஆல்டிராப் போட்டேன். கதவுக்கு வெளியே தலை உருண்டையான போல்ட், உள்பக்கம் வாஷரும் நட்டும். வெளியிலிருந்து திருப்ப முடியாது, பிடுங்கினால் கதவையே பிளக்க வேண்டும். நிலையில் தாழ் நுழையும் இடத்தில் இரும்புத் தகடு வைத்து, மரத்தைத் தாண்டிச் சுவருக்குள் போகும் நீள ஆணிகளால் முடுக்கினார். பின்கதவுக்கு உள்ளே குறுக்காக ஒரு இரும்புப் பட்டை. இதற்கெல்லாம் கூலியோடு 2,600 ஆனது. பூட்டைவிட இதற்குத்தான் அதிகம் செலவு. அப்படித்தான் இருக்க வேண்டும் என்று இப்போது நினைக்கிறேன். கையில் 1,500 மட்டும்தான் இருக்கிறது என்றால், பழைய பூட்டையே வைத்துக்கொண்டு முதலில் போல்ட்டைப் போடுங்கள்.

இனி 11 மாதத்தில் பார்த்த குறைகள்.

கனம். ஒரு கையில் பையும் இன்னொரு கையில் பூட்டும் வைத்துக்கொண்டு பூட்ட முடியாது. சாவி நீளம், என் சின்ன பர்ஸில் அடங்கவில்லை. அத்தைக்கு 68 வயது, விரல்களில் வலி. முதல் மாதம் சாவியைத் திருப்ப அவர்களால் முடியவே இல்லை. வாங்கும்போதே வீட்டில் இருக்கிற வயதானவர்களை அழைத்துப் போய்த் திருப்பிப் பார்க்கச் சொல்வது நல்லது. நான் அப்படிச் செய்யாதது தப்பு. இப்போது கொஞ்சம் இளகிவிட்டது.

மழை. ஐப்பசி மழையில் சாரல் பட்டு, இரும்பு உடம்பில் துருப் பொட்டுகள் வந்தன. ஒரு நாள் சாவி பாதியில் நின்றுவிட்டது. பக்கத்து வீட்டு அக்கா தேங்காய் எண்ணெய் விடச் சொன்னார்கள். விடாதீர்கள். அது தூசியைச் சேர்த்துக்கொண்டு பிசுக்காகிவிடும். ஐயாவுக்குப் போன் போட்டேன். தையல் மெஷின் எண்ணெய் இரண்டே சொட்டு, சாவித் துவாரத்தில் விட்டுச் சாவியைப் பத்து முறை திருப்பு என்றார். என் வீட்டில் அதற்கா பஞ்சம்? மாதம் ஒரு முறை மெஷினுக்கு விடும்போது பூட்டுக்கும் விடுகிறேன். அப்புறம் நிற்கவே இல்லை.

மாற்றுச் சாவி இன்னொரு சிக்கல். இரண்டு சாவிதான் கொடுத்தார். மூன்றாவது வேண்டுமென்று இங்கே சாவி போடுகிறவரிடம் கேட்டால், பார்த்துவிட்டு முடியாது என்று திருப்பிக் கொடுத்தார். பாதுகாப்புக்கு அது நல்லதுதான். தொலைத்தால் பாடுதான். ஒன்றை என் தங்கை வீட்டில் வைத்திருக்கிறேன். செருப்பு ஸ்டாண்டு, பூந்தொட்டி, மீட்டர் பெட்டி, இந்த மூன்று இடத்திலும் சாவி வைக்கும் பழக்கம் உங்களுக்கு இருந்தால் இன்றைக்கே விட்டுவிடுங்கள்.

கேமரா வாங்கவில்லையா என்று கேட்பீர்கள். வாங்கினேன், வைஃபையில் ஓடுவது, 2,200 ரூபாய். வாசலில் யார் நிற்கிறார்கள் என்று வீட்டுக்காரர் திருப்பூரிலிருந்தே பார்க்கிறார், அவருக்கு அதில் ஒரு நிம்மதி. ஆனால் மின்சாரம் போனால் அதுவும் போகிறது. வந்தவன் முகத்தைக் காட்டும், வருவதைத் தடுக்காது. அதனால் கதவை முடித்துவிட்டுத்தான் கேமராவுக்குப் போக வேண்டும் என்பேன்.

மிச்சமிருக்கும் நகையை வங்கி லாக்கரில் வைத்துவிட்டேன். அங்கேயும் ஒரு விஷயம் தெரிந்துகொள்ளுங்கள். வங்கியிலேயே திருட்டோ தீ விபத்தோ நடந்தால், லாக்கரின் ஆண்டு வாடகையைப் போல 100 மடங்கு வரைதான் வங்கியின் பொறுப்பு. 2022 ஜனவரியிலிருந்து ரிசர்வ் வங்கி விதி அதுதான். எனவே ஒவ்வொரு நகையையும் படம் எடுத்து, எடையோடு ஒரு நோட்டில் எழுதி வைத்திருக்கிறேன். புகார் கொடுக்கப் போனபோது மூக்குத்தியில் எத்தனை கல் என்று கேட்டார்கள். எனக்குச் சொல்லத் தெரியவில்லை. புகார் கொடுக்கிறவருக்கு முதல் தகவல் அறிக்கையின் நகலை இலவசமாகத் தர வேண்டும், அதையும் மறக்காமல் வாங்கிக்கொள்ளுங்கள்.

போன மாதம் கல்யாணத்துக்காக நாலு நாள் சென்னை போனோம். வாசல் விளக்கை அணைத்துவிட்டு, பக்கத்து வீட்டு அக்காவிடம் சாயங்காலம் ஒரு முறை கேட்டைத் திறந்து கூட்டிவிடச் சொல்லி, ஸ்டேஷனிலும் ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் போனேன். திரும்பி வந்து தெருமுனையில் ஆட்டோ திரும்பும்போது என் கண் முதலில் பூட்டைத்தான் தேடியது. கதவோடு ஒட்டி அசையாமல் நின்றது.

5-க்கு 4 கொடுப்பேன். துருவுக்கும் அத்தையின் விரல் வலிக்கும் ஒன்று குறைத்தேன்.

ஆடி முடிந்ததும் மறுபடி போகிறேன், இந்த முறை அத்தையையும் கூட்டிக்கொண்டு. பட்டறையில் மணிப் பூட்டு என்று ஒன்று பார்த்தேன், சாவியைத் திருப்பத் திருப்ப உள்ளே மணி அடிக்கும். பின்கட்டுக் கதவுக்கு அது வேண்டும் என்கிறார்கள் அத்தை, படுத்திருக்கும்போதும் காதில் விழுமாம். போகிறவர்கள் ஆல்டிராப் ஓட்டையின் விட்டத்தை அளந்து எழுதிக்கொண்டு போங்கள். நான் போன முறை விரலைக் காட்டி "இவ்வளவு இருக்கும்" என்றேன். ஐயா ஒரு கம்பித் துண்டைக் கையில் கொடுத்து, பஸ் ஏற்றித் திருப்பி அனுப்பிவிட்டார். மறுவாரம் அளவோடு போன பிறகுதான் பூட்டைக் கொடுத்தார்.