பெம்புரோக்‌ஷயர் கரைவழி: ஒரே ஊரில் தங்கலாமா, ஊர் ஊராகப் போகலாமா?

வேல்ஸில் செயின்ட் டாக்மெல்ஸ் முதல் ஆம்ராத் வரை 186 மைல் நீளும் கடலோர நடைபாதை இது. நண்பர்களோடு பகுதி பகுதியாக நடப்பவர்கள் குழம்புவது தங்குமிடத்தில்தான்.

செலவு: நாலு பேர் சேர்ந்து வீடு எடுத்தால் தலைக்குக் குறையும், சமைத்தும் சாப்பிடலாம். ஊர் ஊராகப் போனால் தினமும் புது அறை.

சுமை: ஒரே ஊரென்றால் தண்ணீர், மழைக்கோட்டு, சாப்பாடு போதும். இல்லையென்றால் முழு மூட்டையும் முதுகில்.

நேரம்: இதில்தான் கவனம் வேண்டும். ஒரே ஊரில் தங்கினால் காலையிலேயே பஸ்ஸில் போய், வீட்டை நோக்கி நடங்கள். கடைசி பஸ்ஸைப் பிடிக்க ஓட வேண்டாம். வழியில் வரும் சாண்டி ஹேவன் கழிமுகத்தைக் கடல்நீர் வற்றும்போதுதான் கடக்க முடியும். தவறினால் சாலைவழியே பல மைல் சுற்று. ஊர் ஊராகப் போகிறவர்கள் பக்கத்திலேயே தங்கி, நீர் வற்றியதும் கடக்கலாம்.

முட்டிவலிக்காரரோ பிள்ளைகளோ கூட வந்தால் ஒரே ஊர்தான் சரி: ஒருவர் ஓய்வெடுத்தாலும் மற்றவர்கள் நடக்கலாம். எல்லாரும் ஒரே வேகம் என்றால் மூட்டையைக் கட்டிக்கொண்டு கிளம்புங்கள்.