பில் புரோகிராமுக்கு ஒரு சின்ன லாஞ்சர்: ஆறு வருடம் ஓட்டிய அனுபவம்

ஈரோடு, குமாரபாளையம் பக்கத்துச் சின்ன ஜவுளிக் கடைகளுக்காக ஜாவாவில் ஒரு பில்லிங் புரோகிராம் எழுதிப் பராமரித்து வருகிறேன். மொத்தப் புரோகிராமும் ஒரே ஒரு ஜார் கோப்பு, அதாவது ஜாவா புரோகிராமின் பாகங்களை ஒன்றாகக் கட்டிய கோப்பு. தொடக்கத்தில் அதை அப்படியே டெஸ்க்டாப்பில் வைத்து, “ரெண்டு தடவை கிளிக் பண்ணுங்க, திறந்துக்கும்” என்று சொல்லிவிட்டு வந்துவிடுவேன். 2019இல் அதற்கென்று சி மொழியில் ஒரு லாஞ்சர், அதாவது புரோகிராமைத் திறந்து ஓட வைக்கும் சின்னப் புரோகிராம், எழுதினேன். 40 கேபி அளவு, ஏறத்தாழ 400 வரி. இன்றைக்கும் எல்லாக் கடைகளிலும் அதுதான் புரோகிராமைத் திறந்து வைக்கிறது. இதே வேலையில் இறங்க நினைப்பவர்களுக்கு உதவும் என்பதால் பட்டதையெல்லாம் எழுதி வைக்கிறேன்.

ஏன் தேவைப்பட்டது என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். ஜார் கோப்பு என்பது உள்ளுக்குள் ஒரு ஜிப் கோப்புதான். கடையில் யாராவது ஜிப் பிரிக்கும் மென்பொருள் ஒன்றைப் போட்டால், சில நேரம் அது ஜார் கோப்புகளையும் தன் பெயரில் எழுதிக்கொள்ளும். மறுநாள் காலை போன் வரும். “தம்பி, பில் போடுறதைத் தொட்டா என்னமோ ஃபோல்டர் ஃபோல்டரா வருதுங்க.” இது ஒன்று. இன்னொன்று, டாஸ்க் மேனேஜரில் எல்லா ஜாவா புரோகிராம்களும் ‘ஜாவாடபிள்யூ’ என்ற ஒரே பெயரில்தான் தெரியும். ஒரு கடையில் வேறொரு ஜாவா மென்பொருள் நின்றுபோக, அதை மூடுவதாக நினைத்து எங்கள் புரோகிராமை மூடிவிட்டார்கள். பாதி அடித்த பில் போய்விட்டது. அன்றைக்கே தீர்மானித்தேன், புரோகிராமுக்குச் சொந்தப் பெயரும் சொந்த ஐகானும் வேண்டும் என்று.

லாஞ்சரைச் செய்து தரும் லாஞ்ச்4ஜே போன்ற தயார் கருவிகள் அப்போதே இருந்தன. பெரும்பாலோருக்கு அவை போதும். எனக்கு எந்தச் சோதனை எந்த வரிசையில் நடக்கிறது, தவறினால் திரையில் என்ன வருகிறது என்பதெல்லாம் என் கையில் இருக்க வேண்டும் என்று தோன்றியது. ஜாவாவோடு சேர்ந்தே வரும் ஜேபேக்கேஜ் என்ற இதே வகைக் கருவி அப்போது கிடையாது. அது சோதனை வடிவில் ஜாவா 14உடன் 2020இல் வந்து, ஜாவா 16உடன் 2021இல்தான் முழுமையானது.

முதல் வடிவம் ஒரே மாலையில் முடிந்தது. ஜாவா புரோகிராம்களை ஓட்டும் ஜாவாடபிள்யூவைத் தனி புராசஸாகக் கிளப்பிவிட்டு லாஞ்சர் ஒதுங்கிக்கொள்ளும், அவ்வளவுதான். ஐகான் பிரச்சினை பாதி தீர்ந்தது. ஆனால் டாஸ்க் மேனேஜரில் பழைய பெயர் அப்படியே இருந்தது. டாஸ்க்பாரில் பின் செய்தால் ஜாவாவின் ஐகான்தான் ஒட்டிக்கொண்டது. இரண்டு மாதம் பொறுத்துப் பார்த்துவிட்டு, ஜாவா எந்திரத்தை, அதாவது ஜாவா புரோகிராமை ஓட்டும் பாகத்தை, லாஞ்சருக்குள்ளேயே ஏற்றி ஓட்டும் வழிக்கு மாறினேன்.

இதில் மர்மம் எதுவும் இல்லை. நாம் தினமும் அடிக்கும் ‘ஜாவா’ கட்டளையே சி மொழியில் எழுதிய ஒரு சின்ன லாஞ்சர்தான். உண்மையான எந்திரம் ‘ஜேவிஎம்’ என்ற டிஎல்எல் கோப்பில், அதாவது மற்ற புரோகிராம்கள் ஏற்றிப் பயன்படுத்தும் வகைக் கோப்பில், இருக்கிறது. அதை விண்டோஸின் லோட்லைப்ரரி ஃபங்ஷன் மூலம் ஏற்றி, உள்ளே இருந்து எந்திரத்தை உருவாக்கும் ஃபங்ஷனின் முகவரியை வாங்கி அழைக்க வேண்டும். பிறகு மெயின் கிளாஸைத் தேடி, அதன் மெயின் மெத்தடை அழைத்தால் புரோகிராம் ஓடும். ஆறேழு அழைப்புகள். ஆனால் ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் ஒரு குழி இருக்கிறது.

முதல் குழி, பிழை எண் 126. ‘கோப்பைக் காணவில்லை’ என்று விண்டோஸ் சொல்கிறது, கோப்போ கண்ணெதிரே இருக்கிறது. காணாமல் போனது ஜேவிஎம் அல்ல, அது நம்பியிருக்கும் விஷுவல் சி ரன்டைம் கோப்பு என்று கண்டுபிடிக்க இரண்டு நாள் ஆனது. ஜேவிஎம் இருப்பது ‘சர்வர்’ என்ற உள் ஃபோல்டரில், ரன்டைம் கோப்பு இருப்பது அதற்கு ஒரு படி மேலே. விண்டோஸ் அங்கே தேடாது. என் கணினியில் அந்த ரன்டைம் சிஸ்டம் ஃபோல்டரிலேயே இருந்ததால் எனக்கு எந்தக் குறையும் தெரியவில்லை. டிஎல்எல் தேடும் இடங்களில் அந்த மேல் ஃபோல்டரையும் சேர்க்கும் ஒரு வரி எழுதியதும் சரியானது.

அடுத்தது 193. 32 பிட் லாஞ்சருக்குள் 64 பிட் ஜேவிஎம் ஏறாது, மறுதலையும் நடக்காது. அப்போது பல கடைகளில் 32 பிட் விண்டோஸ் 7தான். விண்டோஸ் தன் அமைப்புகளைக் குறித்து வைக்கும் ரெஜிஸ்ட்ரியில் பார்த்து, கணினியில் ஏற்கெனவே இருக்கும் ஜாவாவைத் தேடிப் பிடிக்கும் வேலையை நிறைய எழுதினேன். ஜாவா 8க்கு ஒரு இடம், 9க்குப் பிறகு வேறு இடம், 64 பிட் விண்டோஸில் 32 பிட் புரோகிராமுக்குக் காட்டப்படுவது இன்னொரு இடம். கடைசியில் அத்தனையையும் அழித்துவிட்டு, ஜேலிங்க் என்ற ஜாவா கருவி கொண்டு தேவையான மாட்யூல்களை மட்டும் சேர்த்த ஒரு ஜாவாவை நாங்களே கூடக் கொடுக்க ஆரம்பித்தோம். 50 எம்பிக்குள் அடங்கியது. இந்த முடிவை முதல் நாளே எடுத்திருக்க வேண்டும். ஆறு வருடத்தில் வந்த போன்களில் பாதியை இது ஒன்றே நிறுத்தியிருக்கும்.

ஜார் கோப்பை நேராக ஓட்டச் சொல்லும் ‘மைனஸ் ஜார்’ என்ற கட்டளை எந்திரத்துக்குத் தெரியாது என்பதும் எனக்குப் புதிய செய்தி. ஜாருக்குள் இருக்கும் விவரக் கோப்பான மேனிஃபெஸ்டைப் படித்து மெயின் கிளாஸைக் கண்டுபிடிப்பது, கிளாஸ்களைத் தேடும் இடங்களின் பட்டியலான கிளாஸ்பாத்தில் நட்சத்திரக் குறியை விரிப்பது, இதெல்லாம் ஜாவா லாஞ்சர் செய்து தரும் வசதிகள். நாம் சொந்தமாக எழுதினால் அவற்றையும் நாமேதான் செய்ய வேண்டும். கிளாஸ் பெயரில் புள்ளிக்குப் பதில் சாய்கோடு போட வேண்டும், இல்லையென்றால் தேடல் வெறுங்கையோடு திரும்பும்.

அப்புறம் அந்த மின்னல். புரோகிராமின் ஜன்னல் ஒரு நொடி தெரிந்து மறைந்துவிடும். காரணம் எளியது. ஜாவாவின் ஜன்னல் நூலகமான ஸ்விங்கில் எழுதிய புரோகிராமில் மெயின் மெத்தட் ஜன்னலைத் திறக்கச் சொல்லிவிட்டு உடனே திரும்பிவிடுகிறது. சி பக்கம் வேலை முடிந்ததென்று லாஞ்சர் வெளியேறினால் மொத்தப் புராசஸும் முடிந்துபோகும். கடைசியில் எந்திரத்தை அழிக்கும் அழைப்பைச் சேர்க்க வேண்டும். பெயர் பயமுறுத்தினாலும், மற்ற திரெட்கள், அதாவது உள்ளே தனித்தனியே ஓடும் வேலைகள், முடியும்வரை காத்திருப்பதும் அதன் வேலைதான்.

இனி, நம்மவர்கள் கட்டாயம் தெரிந்துகொள்ள வேண்டிய ஒன்று. ஒரு கடையில் கணக்கு எழுதும் தங்கச்சி, டெஸ்க்டாப்பில் ‘கணக்கு’ என்று தமிழில் ஒரு ஃபோல்டர் உருவாக்கி, புரோகிராமை முழுவதுமாக அதற்குள் நகர்த்தி வைத்திருந்தார். அழகாக அடுக்கி வைக்கத்தான் செய்தார். ஆனால் லாஞ்சர் திறக்கவில்லை. லாக் எடுத்துப் பார்த்தால், பாதையில் ‘கணக்கு’ இருக்க வேண்டிய இடத்தில் ஆறு கேள்விக்குறிகள்.

விண்டோஸில் ஆங்கிலம், ரஷ்யன், ஜப்பானிய மொழிகளுக்கெல்லாம், எழுத்துகளுக்கு எண் கொடுக்கும் பழைய ‘ஆன்சி’ குறிமுறைப் பக்கம் உண்டு. தமிழுக்கு அது கிடையவே கிடையாது. விண்டோஸில் தமிழ் யூனிகோடு வழியாக மட்டுமே வந்த மொழி. ஆனால் ஜாவா எந்திரத்துக்கு நாம் கொடுக்கும் ஆப்ஷன்கள் பழைய வகைச் சரங்கள். அவை கணினியின் ஆன்சி குறிமுறையில்தான் படிக்கப்படும். அதனால் தமிழ்ப் பெயரை அந்த வழியாக அனுப்பவே முடியாது. ஐரோப்பிய மொழிக்காரர்களின் கணினியில் இது பெரும்பாலும் தட்டுப்படாது, அவர்கள் எழுத்துகளுக்கு அங்கே இடம் இருக்கிறது.

முதலில் விண்டோஸின் குறும்பெயரை, அதாவது எட்டு எழுத்து, புள்ளி, மூன்று எழுத்து என்ற பழைய பெயரை வாங்கி அனுப்பிப் பார்த்தேன். சி டிரைவில் வேலை செய்தது. டி டிரைவில் அந்த வசதி அணைந்திருந்தால் குறும்பெயரே கிடைக்காது. நிலையாக நின்ற தீர்வு வேறு. லாஞ்சர் தான் இருக்கும் ஃபோல்டரை யூனிகோடு ஃபங்ஷன் மூலம் கண்டுபிடித்து, அதையே நடப்பு ஃபோல்டராக்கிவிடும். கிளாஸ்பாத்தில் முழுப் பாதைக்குப் பதில் ஜார் கோப்பின் பெயரை மட்டும் கொடுக்கும். அந்தப் பெயர் ஆங்கிலத்தில் இருப்பதால் சிக்கல் இல்லை. ஜேவிஎம் தன் சொந்த இருப்பிடத்தையும் பழைய வழியிலேயே பார்ப்பதால், ஜாவா ஃபோல்டரை மட்டும் சி டிரைவில் ஆங்கிலப் பெயருள்ள நிலையான இடத்தில் வைத்தேன். அந்தத் தங்கச்சியின் ‘கணக்கு’ ஃபோல்டர் இன்றும் அப்படியே இருக்கிறது. அவர் ஃபோல்டரின் பெயரை மாற்றிக்கொள்ள வேண்டும் என்று நான் சொல்லவில்லை, சொல்லவும் கூடாது.

வேகம் பற்றி. 2 ஜிபி ராம், பழைய ஹார்ட் டிஸ்க். புரோகிராம் திறக்க 11 நொடி எடுக்கும் கணினிகள் இருந்தன. வாடிக்கையாளர் எதிரே நிற்கும்போது 11 நொடி மிக நீளம். ஐகானை மறுபடி மறுபடி தட்டுவார்கள். மூன்று முறை திறந்து, தரவுத்தளக் கோப்பு பூட்டிக்கொள்ளும். பெயரிட்ட மியூடெக்ஸ் ஒன்றை, அதாவது ‘ஏற்கெனவே திறந்திருக்கிறது’ என்று காட்டும் அடையாளத்தை, லாஞ்சர் தொடங்கியதும் உருவாக்கினேன். அது ஏற்கெனவே இருந்தால் புது எந்திரம் ஏற்றாமல், திறந்திருக்கும் ஜன்னலை முன்னுக்குக் கொண்டுவந்துவிட்டு லாஞ்சர் விலகிவிடும். ஜேவிஎம் ஏறுவதற்கு முன்பே ‘திறக்கிறது, கொஞ்சம் பொறுங்கள்’ என்று ஒரு சின்ன ஜன்னலைச் சி பக்கத்திலிருந்தே காட்டினேன். இந்த ஜன்னல் வந்த பிறகு, தட்டிக்கொண்டே இருப்பது நின்றுவிட்டது. ஜேலிங்க் செய்த ஜாவாவில், திறப்பதை வேகமாக்கும் கிளாஸ் தரவுப் பகிர்வுக் கோப்பு வழக்கமாக இருப்பதில்லை என்பது பின்னர்தான் தெரிந்தது. ‘எக்ஸ்ஷேர் டம்ப்’ ஆப்ஷனை ஒரு முறை ஓட்டி அதை உருவாக்கி வைத்தேன், அந்தக் கணினிகளில் 11 நொடி 7 ஆனது.

ஒரே கோப்பாகக் கொடுக்கும் ஆசையும் எனக்கு இருந்தது. எக்ஸ்இ கோப்பை விண்டோஸ் தலையிலிருந்து படிக்கிறது, ஜிப்பின் அட்டவணை வாலில் இருக்கிறது. எனவே இரண்டையும் ஒட்டினால், அந்த ஒரே கோப்பு விண்டோஸுக்கு எக்ஸ்இ, ஜாவாவுக்கு ஜார். நினைத்தாலே மகிழ்ச்சி தரும் வித்தை அது. சில மாதம் அப்படித்தான் கொடுத்தேன். பிறகு டிஜிட்டல் கையொப்பம் தேவைப்பட்டது. கையொப்பமில்லாத சின்ன எக்ஸ்இயைச் சில ஆன்டிவைரஸ்கள் சந்தேகப்பட்டுத் தனியே ஒதுக்கிவிடுகின்றன. கையொப்பமோ கோப்பின் வாலில் போய் ஒட்டிக்கொள்கிறது, ஜிப் அட்டவணைக்கும் அதற்கும் அங்கே இடத் தகராறு. ஒவ்வொரு புதுப்பிப்புக்கும் மறுபடி கையொப்பமிட வேண்டும். 2023 ஜூனிலிருந்து கையொப்பச் சாவி வன்பொருள் டோக்கனில்தான் இருக்க வேண்டும் என்ற விதியும் சேர்ந்துகொண்டது. நல்லவேளையாக அதற்கு முன்பே லாஞ்சரையும் ஜாரையும் பிரித்துவிட்டேன். லாஞ்சர் மாறுவது அரிது, மாறும்போது மட்டும் கையொப்பம். ஜார் எத்தனை முறை வேண்டுமானாலும் மாறட்டும்.

புதிதாகத் தொடங்கினால் ஜேபேக்கேஜ்தான் எடுப்பேன். லாஞ்சர், ஜாவா, நிறுவும் கோப்பு எல்லாம் அதுவே செய்து தருகிறது. என் லாஞ்சரை இன்னும் விடாமல் வைத்திருப்பதற்குக் காரணம் அதன் பிழைச் செய்திகள்.

எல்லாம் சரியாக இருக்கும்போது லாஞ்சருக்கு வேலை ஒரு நொடி. தவறும்போது கடைக்காரர் முன்னால் நிற்பது அது மட்டுமே. கன்சோல் இல்லாத புரோகிராம் என்பதால், ஜாவா பக்கம் வெடிக்கும் எக்செப்ஷன் யார் கண்ணிலும் படாமல் போய்விடும். அதைப் பிடித்து லாக் கோப்பில் எழுதி, திரையில் தமிழில் ஒரு பெட்டி காட்டுகிறேன். விண்டோஸ் 7இல் லதா எழுத்துரு, 8க்குப் பிறகு நிர்மலா இருப்பதால் எழுத்துரு எதையும் கூடக் கொடுக்க வேண்டியதில்லை. தொடக்கத்தில் அந்தப் பெட்டியில் ‘ஜாவா எந்திரம் ஏறவில்லை, பிழை 126’ என்று மட்டும் எழுதியிருந்தேன். அதைப் பார்த்த ஒரு பெரியவர் போனில் கேட்டார், “தம்பி, மூணு வருசத்து பில்லும் போயிருச்சுங்களா?” அவர் குரல் நடுங்கியது. அன்று இரவே செய்தியை மாற்றினேன். இப்போது இப்படி வரும்: ‘புரோகிராமைத் திறக்க முடியவில்லை. உங்கள் பழைய பில்களுக்கு எதுவும் ஆகவில்லை. இந்தப் பெட்டியை ஃபோட்டோ எடுத்து அனுப்புங்கள்.’ பிழை எண் கீழே சின்னதாக, எனக்காக. தரவுத்தளக் கோப்பு இடத்தில் இருக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் அந்த இரண்டாம் வரியை லாஞ்சர் காட்டும்.

போன மாதம் அப்படி ஒரு ஃபோட்டோ வாட்ஸாப்பில் வந்தது. எண் 193. கடையில் புதுக் கணினி வாங்கியிருக்கிறார்கள். பழைய கணினியின் ஜாவா ஃபோல்டர் தவறுதலாக அழிந்துபோக, புதியதிலிருந்து 64 பிட் ஃபோல்டரைப் பென்டிரைவில் எடுத்துப் போட்டிருக்கிறார்கள். சரியான ஃபோல்டரை அனுப்பினேன். பத்து நிமிடத்தில் அன்றைய முதல் பில் போட்டாயிற்று என்று பதில் வந்தது.