ஹூ யாவ்பாங்கா, ஜாவோ சியாங்கா: யாரை முதலில் படிப்பது?

சீனாவின் 1980களைப் படிப்பவர்கள் அப்போதைய உச்சத் தலைவர் டெங் சியாவோபிங்கைத் தாண்டியதும் கம்யூனிஸ்ட் கட்சியின் சீர்திருத்தத் தலைவர்களான இந்த இருவரிடம் வந்து தடுமாறுவார்கள். இருவரையும் மேலே கொண்டுவந்தவரும் டெங், இறக்கியவரும் டெங்.

பொருளாதாரம்: ஜாவோதான். சிச்சுவான் மாகாணத்தில் விவசாயிகள் மீதான கெடுபிடியைத் தளர்த்தினார். ‘சோறு வேண்டுமா, சியாங்கைத் தேடு’ என்றே அங்கே ஒரு சொலவடை உண்டு. 1980ல் பிரதமரானார். ஹூவுக்கு இதில் ஆர்வம் உண்டு, பிடிமானம் குறைவு.

மனிதர்கள்: ஹூ. மாவோ காலத்துக் கலாச்சாரப் புரட்சி என்ற களையெடுப்பில் பழி சுமந்த ஏராளமானோருக்கு மறுவாழ்வு தந்தார். 1980ல் திபெத் போய், அங்குள்ள வறுமையைப் பார்த்துச் சொந்தக் கட்சிக்காரர்களையே கடிந்துகொண்டார்.

வீழ்ச்சி: ஹூ 1987 ஜனவரியில் கட்சிப் பொதுச்செயலாளர் பதவியை இழந்தார். 1989 ஏப்ரல் 15ல் இறந்தார்; அஞ்சலிக்குத் திரண்ட கூட்டம்தான் பெய்ஜிங்கின் தியானன்மென் சதுக்கத்தில் ஜனநாயகம் கேட்ட மாணவர் போராட்டமாக வளர்ந்தது. ஜாவோ மே 19 விடிகாலை சதுக்கத்துக்குப் போய், கையில் ஒலிபெருக்கியோடு, தாமதமாக வந்துவிட்டோம் என்று மாணவர்களிடம் வருந்தினார். போராட்டத்தை ஒடுக்க ஒப்பாததால் அவர் பதவியும் போனது; அப்புறம் 2005ல் சாகும்வரை வீட்டுக்காவல்.

சான்று: இங்கே ஜாவோவை அடிக்க ஆளில்லை. சிறுவர் பாட்டு, பீக்கிங் ஓபரா கேசட்டுகள் மேலேயே தன் நினைவுகளை ரகசியமாகச் சுமார் 30 மணி நேரம் பேசிப் பதிந்திருக்கிறார்.

சரி, யாரை எடுப்பது? சந்தைச் சீர்திருத்தம் நடந்த விதம் வேண்டுமென்றால் ஜாவோ. கட்சிக்குள் ஒருவர் எவ்வளவு தூரம் நேர்மையாக இருக்க முடிந்தது என்று பார்க்க ஹூ. ஹூவின் நூற்றாண்டை 2015ல் கட்சியே கொண்டாடியதால், சீன மொழியில் தேடுபவர்களுக்கும் அவரே சுலபம்.